கறை அலமாரியில், ஓட்டை குளியலறைக்கு மேலே

ஏப்ரல் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, குளிர்காலம் முழுவதும் மூடிக் கிடந்த, பயணத்தின்போது தங்கும் வீட்டு வண்டியான எங்கள் டிரெய்லரைத் திறந்து, குழாய்களில் ஊற்றி வைத்திருந்த உறைதடுப்பு திரவத்தை வெளியேற்றிக்கொண்டிருந்தபோது, முன்பக்கத் துணி அலமாரியின் மேல்மூலையில் தேநீர் சிந்தியதைப் போன்ற ஒரு பழுப்புக் கறையைக் கண்டேன். தொட்டுப் பார்த்தால் உலர்ந்துதான் இருந்தது. ஆனால் விரலால் சற்று அழுத்தியபோது, மேலே ஒட்டியிருந்த தாளுக்குப் பின்னால் இருந்த பலகை நனைந்த அட்டையைப் போல உள்வாங்கியது. அந்த வாரத்தில் பயணம் எதுவும் இல்லை என்று வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, ஏணியை எடுத்து வந்தேன்.

எங்களுடையது 2013இல் செய்யப்பட்ட, 22 அடி நீளமுள்ள, வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் வகை. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் வசிக்கும் நாங்கள், கோடையில் ஏரிக்கரையோரம் லடிங்டனுக்கும் ஸ்லீப்பிங் பேர் மணற்குன்றுகளுக்கும் அதை இழுத்துச் செல்வோம். மற்ற மாதங்களில், மிச்சிகன் ஏரியைக் கடந்து வரும் காற்று கொட்டும் பனிக்கு அடியில் அது திறந்தவெளியில் நிற்கும். பகலில் உருகி இரவில் உறையும் பனிதான் இந்தப் பகுதியில் கூரைக்கு முதல் எதிரி என்பது என் கருத்து. உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் பருத்துவிடுகிறது. மயிரிழை விரிசலுக்குள் புகுந்த நீர், ஒவ்வோர் இரவும் அந்த விரிசலை ஆப்பு வைத்ததைப் போல இன்னும் கொஞ்சம் பிளந்து வைக்கிறது.

கறைக்கு நேர்மேலே கூரையில் எதுவும் இல்லை. வெள்ளை ரப்பர் விரிப்பு கிழியாமல், உப்பாமல், ஒரே சீராக இருந்தது. ஓரத்து அலுமினியப் பட்டையின் திருகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவையும் நன்றாகவே இருந்தன. அரை மணி நேரம் கழித்துத்தான், கறை இருக்கும் இடத்தில் ஓட்டையைத் தேடுவது தவறு என்பது புத்தியில் உறைத்தது. நிறுத்துமிடத்தில் வண்டியின் மூக்கு சற்றுத் தாழ்ந்து நின்றிருந்தது. கூரைக்குள் புகுந்த நீர் நேராகக் கீழே விழ வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பலகையின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு, மின்கம்பியின் மீது வழிந்து, குறுக்குச் சட்டத்தில் முட்டித் திரும்பி, சரிவு எங்கே முடிகிறதோ அங்கே வந்து சொட்டும். ஊரில் எங்கள் ஓட்டு வீட்டின் மேல் குரங்குக் கூட்டம் ஓடிப் போன மறுநாள், ஒழுகிய இடத்தைக் காட்டினால், ஓடு மாற்ற வருபவர் அதைப் பார்க்காமல் இரண்டு கை மேலே தள்ளி இருக்கும் ஓடுகளைத் தூக்குவார். அந்த அறிவு எனக்கு இருந்தும், டிரெய்லரின் மேல் ஏறியபோது நினைவுக்கு வரவில்லை.

இந்த வண்டிகளின் கூரை எப்படிக் கட்டப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எங்கே தேட வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும். மெல்லிய மரச் சட்டங்களின் மேல் ஒட்டுப்பலகை. அதன் மேல் பசையிட்டு ஒட்டிய, ஒரே துண்டான ரப்பர் விரிப்பு. எங்கள் வண்டியில் இருப்பது இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். வேறு பல வண்டிகளில் டி.பி.ஓ. என்ற பிளாஸ்டிக் வகை இருக்கும். மழைக்குப் பின் பக்கச் சுவர்களில் சுண்ணாம்பு வழிந்தது போன்ற வெள்ளைக் கோடுகள் தெரிந்தால், அது பெரும்பாலும் இ.பி.டி.எம்.தான்; வெயிலில் அதன் மேற்பரப்பு மாவு மாவாக உதிரும் இயல்புடையது. எந்த வகையானாலும், ஒரே துண்டாக இருக்கும் விரிப்பு தானாக ஒழுகுவது அபூர்வம். அதைக் கிழித்து நாம் போட்டிருக்கும் ஓட்டைகள்தான் ஒழுகுகின்றன. எங்கள் கூரையில் எண்ணிப் பார்த்தேன்: காற்றுப் போக்கி வென்ட் இரண்டு, ஏசி ஒன்று, குளியலறைக்கு மேல் வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடி போன்ற குமிழ்மூடி (கண்ணாடிக் குமிழ்) ஒன்று, எரிவாயுவில் இயங்கும் குளிர்சாதனப் பெட்டியின் புகைபோக்கி ஒன்று, கழிவுத் தொட்டிகளின் காற்றுக்குழாய் மூன்று, தொலைக்காட்சி ஆன்டெனா ஒன்று, அதன் கம்பி உள்ளே நுழையும் இடம் ஒன்று. ஆகப் பத்து ஓட்டைகள். 22 அடி நீளக் கூரையில் பத்து ஓட்டைகளைப் போட்டு, அதை மணிக்கு 60 மைல் வேகத்தில் குலுக்கிக்கொண்டே போகிறோம்.

ஒவ்வொரு வென்ட்டைச் சுற்றியும் நீரைத் தடுப்பவை இரண்டு. முதலாவது, வென்ட்டின் பிளாஸ்டிக் விளிம்புக்கும் ரப்பர் விரிப்புக்கும் இடையில் நசுங்கிக் கிடக்கும் பியூட்டைல் டேப். மென்று துப்பிய சூயிங்கம் போன்ற, எப்போதும் முழுதாக இறுகாத சாம்பல் நிறப் பட்டை. இரண்டாவது, விளிம்பின் ஓரத்தையும் திருகுத் தலைகளையும் மூடி, மேலே ஊற்றப்படும் லேப் சீலன்ட் என்ற அடைப்புப் பசை. நம் கண்ணுக்குத் தெரிவது இரண்டாவது மட்டும்தான் என்பதால், பராமரிப்பு என்றாலே அதன் மேல் இன்னொரு டியூபைப் பிதுக்குவது என்று பலரும் நினைத்துவிடுகிறோம். ஆனால் உண்மையில் நீரைத் தடுப்பது அடியில் இருக்கும் பியூட்டைல். மேலே இருப்பது அதை வெயிலிலிருந்தும் தேங்கும் நீரிலிருந்தும் காக்கும் மேற்பூச்சு. அடிப்பட்டை விட்டுப்போன பின் மேலே எத்தனை அடுக்கு பூசினாலும், அது காய்ச்சலுக்கு மேல் போர்வை போர்த்துவதைப் போலத்தான்.

இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. வண்டி வாங்கிய முதல் ஆண்டில், குளியலறை வென்ட்டைச் சுற்றிலும் சீலன்ட்டில் வெடிப்புகள் தெரிந்தபோது, வீட்டுக் குளியல்தொட்டிக்கு வாங்கி மீந்திருந்த சிலிக்கான் பசையை எடுத்து வந்து நானே பூசினேன். பார்க்க அழகாக இருந்தது. சிலிக்கான் இந்த ரப்பரில் நன்றாகப் பிடிப்பதில்லை என்பதும், அது ஒட்டியிருந்த இடத்தில் பின்னால் வேறு எதுவும், இன்னொரு சிலிக்கான் பூச்சுகூட, ஒழுங்காக ஒட்டாது என்பதும் எனக்கு அப்போது தெரியாது. ஓரம் உரிந்து, ஒரு உதடு போலத் தூக்கிக்கொண்டு, வழிந்து போயிருக்க வேண்டிய மழைநீரைப் பிடித்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது என் கைவேலை.

குற்றவாளி அதுதான் என்று உறுதிப்படுத்த இரண்டு சோதனைகள் செய்தேன். மரத்தின் ஈரப்பதத்தை அளக்கும் ஊசிமுனைக் கருவி ஒன்றை, உட்கூரையில் வெளியே தெரியாத இடங்களில் குத்திப் பார்த்தேன். நல்ல இடங்களில் 11, 12 சதவீதம் காட்டியது. குளியலறை வென்ட்டின் உட்சட்டத்தைக் கழற்றி, ஓட்டையின் ஓரத்துப் பலகையில் குத்தியபோது 27 காட்டியது. 20க்கு மேலேயே நீடிக்கும் மரத்தைப் பூஞ்சை விட்டு வைக்காது. அடுத்து, பட்டறைகளில் ஒரு பெரிய ஊதுகருவியை வைத்துச் செய்யும் சோதனையை ஏழைமுறையில் செய்தேன். சன்னல்களையும் கதவையும் மூடி, எரிவாயுவையும் அதில் எரியும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முன்பக்க வென்ட்டில் ஓட்டையிட்ட அட்டையைப் பொருத்தி, அதன் வழியாக உதிர்ந்த இலைகளை ஊதும் இயந்திரத்தால் உள்ளே காற்றை அனுப்பினேன். மேலே ஏறி, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த நீரை ஒவ்வொரு விளிம்பிலும் தெளித்தேன். உள்ளே ஏறும் காற்று, நீர் நுழைந்த வழியாகவே வெளியேறும். குளியலறை வென்ட்டின் இடது மூலையில், சிலிக்கான் உதட்டுக்கு அடியிலிருந்து, குழந்தை எச்சில் ஊதுவதைப் போலக் குமிழ்கள் வந்தன. கண்ணாடிக் குமிழின் ஒரு திருகிலிருந்தும் சிறு குமிழ் வந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

கழற்றும் வேலைதான் நாளின் பெரும்பகுதியைத் தின்றது. பழைய லேப் சீலன்ட்டை ஹீட் கன்னால் மெல்லச் சூடாக்கி, பிளாஸ்டிக் கரண்டியால் நெம்பி எடுக்க வேண்டும். இரும்புக் கரண்டியை எடுத்தால் அடியில் இருக்கும் ரப்பரைக் கிழித்துவிடுவோம். சூடு அதிகமானால் ரப்பர் பசையை விட்டு உப்பிக்கொள்ளும். விளிம்பில் இருந்த 16 திருகுகளில் ஐந்து துருப்பிடித்துத் தலை உடைந்தன. வென்ட்டைத் தூக்கியபோது, பியூட்டைல் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பக்கம் சாம்பல் நிறப் பட்டை இருந்தது. நான்காவது பக்கத்தில் அது காய்ந்து, சுருங்கி, மூலையில் ஒரு விரற்கடை இடைவெளி விட்டிருந்தது. என் சிலிக்கான் வருவதற்கு முன்பே அந்த இடைவெளி இருந்திருக்கும். அதை மறைத்து வைத்ததும், மழைநீரை அதற்குள் திருப்பிவிட்டதும் என் பங்கு.

ஓட்டையைச் சுற்றியிருந்த ஒட்டுப்பலகை, முன்பக்கமாக நான்கு அங்குலம் வரை கறுத்து, ஸ்க்ரூடிரைவர் முனை தடையின்றி இறங்கும் அளவுக்கு இளகியிருந்தது. இங்கேதான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அழுகிய மரத்தின் மேல் புது வென்ட்டைத் திருகினால், திருகுக்குப் பிடிப்பு இருக்காது. பிடிப்பு இல்லாத திருகு பியூட்டைலை நசுக்காது. நசுங்காத பியூட்டைல் நீரைத் தடுக்காது. ஆகவே ரப்பரை மட்டும் மடித்துத் தூக்கி, அழுகிய பகுதியை நல்ல மரம் வரும் வரை அறுத்து எடுத்து, விசிறியை வைத்து மூன்று நாள் உலரவிட்டேன். ஈரமானி 13க்கு இறங்கிய பிறகு, ஓரத்து மரத்தில் மரத்தை இறுக வைக்கும் எபாக்சியை ஊறவிட்டு, அதே கனத்தில் புதுப் பலகைத் துண்டை வெட்டி, அடியில் குறுக்காகச் சிறு சட்டங்களை வைத்துத் திருகி, ரப்பரை மீண்டும் பசையிட்டு ஒட்டினேன். இந்த மூன்று நாளைக் குறைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஈரத்தை உள்ளே வைத்து மூடினால், அழுகல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தன் வேலையைத் தொடரும்.

புது வென்ட் வாங்குவதில் சிரமம் இல்லை. இந்த நாட்டு வண்டிகளில் வென்ட்டுக்கான ஓட்டை ஏறக்குறைய எல்லாவற்றிலும் 14 அங்குலத்துக்கு 14 அங்குலம். ஏசிக்கும் அதே அளவுதான். கலமசூவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்டினால் இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வந்துவிடும். இந்த வண்டிகளின் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர் அது, தொழிற்சாலைகளில் மீந்த உதிரிப் பொருள்களை விற்கும் கடைகள் அதைச் சுற்றிலும் உண்டு. முன்பக்க வென்ட்டுக்கு மூடி மட்டும் போதுமாயிருந்தது. வெயிலில் வெந்து, விரலால் தட்டினாலே முட்டை ஓடாகப் பொடிந்த அந்த மூடிக்கு மாற்று வாங்கும்போதுதான் கவனம் தேவைப்பட்டது. எலிக்ஸர், ஜென்சன், வென்ட்லைன் ஆகிய மூன்று தயாரிப்புகளின் மூடிகளும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் கீல்கள் வேறு வேறு. வென்ட்லைனிலேயே 2008க்கு முந்தையது, பிந்தையது என்று இரண்டு உண்டு. ஓட்டையை அளந்துகொண்டு போவதைவிட, கீலைப் படம் எடுத்துக்கொண்டு போவது நல்லது.

பொருத்துவதற்கு முன், ஒட்டப்போகும் இடம் முழுவதையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்தேன். பெட்ரோலியம் சார்ந்த கரைப்பான்களை இ.பி.டி.எம். ரப்பரின் மேல் பயன்படுத்தினால் அது உப்பிக் கெட்டுவிடும். என் பழைய சிலிக்கானின் எச்சத்தைச் சுரண்டித் தேய்த்து எடுக்க ஒரு முழு மாலை ஆயிற்று. அது எனக்கு வேண்டியதுதான். விளிம்பின் அடியில் ஓர் அங்குல அகலப் பியூட்டைல் டேப்பைச் சுற்றி ஒட்டி, மூலைகளில் இரண்டு துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று சற்றே ஏறுமாறு விட்டேன். துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளை, ஒரு பக்கத்தை முடித்து அடுத்த பக்கம் போகாமல், எதிரெதிராக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். கடைசிச் சுற்றுகளைக் கையால்தான் செய்ய வேண்டும். எந்திரத்தால் இறுக்கினால் பிளாஸ்டிக் விளிம்பு விரிசல் விடும்; அது அன்று தெரியாது, அடுத்த குளிர்காலத்தில் தெரியும். விளிம்பைச் சுற்றிலும் பியூட்டைல் பிதுங்கி வெளியே வந்தால் அழுத்தம் சரியென்று பொருள். இரண்டு நாள் வெயிலில் விட்டு, பிதுங்கியதை வெட்டி எடுத்து, திருகுகளை மீண்டும் கால் சுற்று இறுக்கினேன்.

அதன் பிறகே லேப் சீலன்ட். தானாகப் பரவிச் சமமாகும் வகை தட்டையான கூரைக்கு. வழியாமல் நிற்கும் வகை சரிவுக்கும் செங்குத்தான ஓரங்களுக்கும். நான் பயன்படுத்தியது டைக்கார் நிறுவனத்தினுடையது. ஒரு வென்ட்டுக்கு ஒரு டியூப் என்பது நல்ல கணக்கு. மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் திருகுத் தலைகளைப் பாதி மூடியபடி விட்டுவிடுகிறார்கள். பனி ஈரம் காய்ந்த பின், 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் இருக்கும் நாளில் இதைச் செய்ய வேண்டும். விரலால் தடவி அழகுபடுத்தாமல் விட்டுவிட்டால், அது தானே பரவி, விளிம்பின் ஓரத்தை மூடிக்கொண்டு அடங்கும். சில மணி நேரத்தில் மேலே ஆடை கட்டும்; உள்ளே முழுதாக இறுக ஒரு மாதம் வரை ஆகலாம்.

மற்ற ஓட்டைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணாடிக் குமிழின் குறை, திருகைச் சுற்றி அக்ரிலிக் விரிசல் விட்டதுதான்; அதை ஒட்டிப் பார்க்காமல் முழுவதையும் மாற்றினேன். கழிவுத் தொட்டிக் காற்றுக்குழாய்கள் ஒன்றரை அங்குலக் குழாய்கள். கூரையில் அவற்றுக்கான ஓட்டை குழாயைவிடப் பெரியது, ஓடும்போது குழாய் அதற்குள் ஆடும், ஆகவே அங்கே சீலன்ட் சீக்கிரம் விடும். நீர் குழாயின் மேலேயே வழிந்து சுவருக்குள் இறங்கிவிடுவதால், கறைகூடத் தெரியாது. குளிர்சாதனப் பெட்டியின் புகைபோக்கியை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. எரிவாயுவின் புகையும் சூடும் வெளியேறும் வழி அது. ஓரத்தை மூடுங்கள், உள்ளே குருவிக் கூடும் குளவிக் கூடும் இருக்கின்றனவா என்று பாருங்கள், அவ்வளவே.

ஏசியைப் பற்றி மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நிறுத்துமிடத்தில் என் பக்கத்து வண்டிக்காரர் இரண்டு டியூப் சீலன்ட்டை அதைச் சுற்றிப் பூசிக்கொண்டிருந்தபோதுதான் நான் ஏணியில் ஏறினேன். ஏசிக்கு அடியில் இருப்பது தடித்த நுரை வளையம். உள்ளேயிருந்து நான்கு நீண்ட போல்ட்டுகள் ஏசியைக் கீழ்நோக்கி இழுத்து, அந்த வளையத்தைச் சுமார் அரை அங்குலக் கனத்துக்கு நசுக்கி வைத்திருக்கின்றன. ஏசியிலிருந்து சொட்டும் நீர் கூரையின் மேல்தான் வழிந்து ஓட வேண்டும். சுற்றிலும் பூசி அணை கட்டினால், வெளியேற வேண்டிய நீர் உள்ளேயே தேங்கும். ஏசிப் பக்கம் ஒழுகினால், உள்ளே உள்ள மூடியைக் கழற்றி, தளர்ந்த போல்ட்டுகளைச் சமமாக இறுக்கிப் பாருங்கள். வளையம் முழுதாகத் தட்டையாகிவிட்டிருந்தால் புதியதை வாங்குங்கள். இதை அவரிடம் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே இரண்டாவது டியூபையும் காலி செய்தார்.

எடர்னாபாண்ட் போன்ற அகலமான ஒட்டுநாடாவால் எல்லா ஓரங்களையும் ஒரேயடியாக மூடிவிடலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. அது உண்மையிலேயே பலமான பொருள். ரப்பரில் கிழிசல் விழுந்தால் நானும் அதைத்தான் ஒட்டுவேன். ஆனால் வென்ட்டைச் சுற்றி ஒட்ட எனக்கு மனமில்லை. பிளாஸ்டிக் மூடிகளும் வென்ட்டுகளும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறியே தீரும். அப்போது இந்த நாடாவை உரிப்பவரின் நிலைமை பரிதாபமானது. அடியில் அழுகல் இருந்தால் அதையும் அது வெளியே காட்டாது.

எங்கள் வண்டியின் கையேடு, கூரையின் சீலன்ட்டை 90 நாளுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறது. நான் ஏப்ரலிலும், ஜூலையிலும், மூடி வைப்பதற்கு முன் அக்டோபரிலும் ஏறுகிறேன். ஈரமான ரப்பர் பாசி படிந்த படிக்கட்டைப் போல வழுக்கும் என்பதால், காய்ந்த நாளில் மட்டும், சட்டங்களின் மேல் குறுக்கே போட்ட பலகையில் மண்டியிட்டுத்தான் நகர்வேன். ஒவ்வொரு விளிம்பையும் நகத்தால் நெம்பிப் பார்க்கிறேன். தூக்கிக்கொண்டால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டுப் புதிதாக இடுகிறேன், வெறும் மயிரிழை வெடிப்பு மட்டும் என்றால் துடைத்துவிட்டு அதே வகை சீலன்ட்டை மேலே விடுகிறேன். பிறகு கீழே இறங்கி, பக்கச் சுவர்களைக் கண்ணுக்கு நேராகச் சாய்த்துப் பார்க்கிறேன். சுவருக்குள் நீர் இறங்கினால் வெளிப்புறக் கண்ணாடியிழைத் தகடு, அடியில் உள்ள பலகையிலிருந்து விட்டுப்போய்க் குமிழாகப் புடைக்கும். அது வந்துவிட்டால் சரி செய்யும் செலவு ஆயிரக்கணக்கான டாலர். மெல்ல மெல்லக் கசிந்து வந்த சேதத்துக்குக் காப்பீடு பொதுவாகக் கைகொடுப்பதும் இல்லை. என் வேலைக்கு ஆன செலவு, வென்ட், கண்ணாடிக் குமிழ், பலகை, பசை எல்லாம் சேர்த்து 260 டாலர். அதோடு ஆறு நாள் உழைப்பு, ஒரு முழங்கால் வலி.

அலமாரியின் உட்பலகையை மாற்றினேன். ஆனால் அதற்குப் பக்கத்தில், பலகை நன்றாக இருந்த இடத்தில் தாளின் மேல் எஞ்சியிருந்த கறையின் வாலை மட்டும் வண்ணம் பூசி மறைக்காமல் விட்டிருக்கிறேன். அதன் ஓரமாகப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தேதியையும் எழுதி வைத்தேன். ஜூனில் லடிங்டனில் இரண்டு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகும், அக்டோபரில் வண்டியை மூடும்போதும் பார்த்தேன்; கறை கோட்டைத் தாண்டவில்லை. இந்தக் குளிர்காலம் வண்டியின் மூக்கு சற்று மேலே தூக்கியிருக்குமாறு நிறுத்தியிருக்கிறேன். ஆகவே ஏப்ரலில் முதலில் பார்க்க வேண்டியது பின்பக்க மூலைகளை.